பெட்டி கத்திய ஐப்பசி

ஐப்பசி பிறந்து பத்து நாள் கழித்துப் பிடித்த மழை கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் ஐந்து நாள் விடாமல் ஊற்றியது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மண்ணோடு சாய்ந்த மரம் ஒன்று இன்டர்நெட் கேபிளையும் இழுத்து அறுத்துவிட்டது. கரண்ட் முதல் நாளே போய்விட்டது. பரணில் காய்ந்த விறகு வைத்திருந்தவர்கள் சோறு ஆக்கினார்கள். மற்றவர்கள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து கிடந்தார்கள்.

ஆறாம் நாள் காலையில் மழை சற்றே மூச்சு வாங்கியபோது கரண்ட் வந்தது. வளர்மதி அப்போது மாட்டுக் கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் லைட் எரிவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. கூ... என்று நீட்டமாக ஒன்று. நிறுத்தி, மறுபடியும் கூ... என்று இன்னொன்று. மழைக்கு ஒதுங்கி ஏதோ பறவை உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கையைக் கூடக் கழுவாமல் ஓடினாள்.

பறவை ஒன்றும் இல்லை. அவள் புருஷன் சென்றாயன் கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கத்தியது மேசைக்குக் கீழே தரையில் இருந்த பெட்டி. திரை கறுப்பாகக் கிடந்தது. அவன் மடங்கிய விரல்களின் முட்டியால் சுவிட்சை அமுக்கி அணைத்தான். மறுபடி போட்டான். மறுபடியும் அதே கத்தல். மூன்றாம் முறை போட்டுவிட்டு, அணைக்காமலே வாக்கரைப் பிடித்து எழுந்து நாலு எட்டு நடந்து கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வளர்மதிதான் பிளக்கைப் பிடுங்கினாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதத்தில் மிளகு பறிக்கப்போன இடத்தில் சில்வர் ஓக் மரத்திலிருந்து அவன் விழுந்தான். கழுத்தெலும்பில் அடி. சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. விரல்கள் வரவில்லை. பத்து விரலும் உள்ளே மடங்கியபடி நின்றுவிட்டன. சோற்றை அவள் ஊட்டினாள், வேட்டியை அவள் கட்டிவிட்டாள். இதெல்லாம்கூட அவளுக்குப் பழகிப்போனது. பழகாதது ஒன்றுதான். வீடு திரும்பிய பிறகு எட்டு மாதம் அவன் பேசவில்லை. தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டதற்கு 'ம்' என்பான், இல்லையென்றால் அதுவும் இல்லை.

நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள்தான், செகண்ட் ஹேண்டில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்து, பேசினால் அதுவே எழுதும் என்று காட்டிக்கொடுத்தாள். சேலத்தில் ஒரு கம்பெனி, கூட்டங்களில் பேசியதைப் பதிவு செய்து அனுப்பும். சென்றாயன் அதைக் காதில் கேட்டுத் திருத்தமாக மைக்கில் திருப்பிச் சொல்வான். பெட்டி எழுத்தாக்கும். பிழைகளை முட்டியால் தட்டித் தட்டிச் சரி செய்வான். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வரும். "சென்றாயன் வாய்லயே வெள்ளாமை பண்றானப்பா" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வளர்மதிக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்காது. கட்டினவளிடம் பத்து வார்த்தை பேசாதவன் அதனிடம் பொழுதன்னைக்கும் பேசிக்கொண்டிருந்தான். இருந்தாலும் அடுப்படியில் சாமை புடைத்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு தெம்பு இருந்தது. இப்போது வீட்டில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது.

தீபாவளிக்குக் காரில் வந்த கொழுந்தன் தனபால், மண்சரிவால் கீழே இறங்க முடியாமல் மேட்டில் இருந்த மேல்வீட்டில் தங்கியிருந்தான். ராசிபுரத்தில் துணிக்கடையில் மேனேஜர். கதையைக் கேட்டுவிட்டுப் பெட்டியைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"இது பன்னெண்டு வருசத்துப் பெட்டிங்க அண்ணி. இதுக்கு வைத்தியம் பாக்கறதெல்லாம் வீண். தூக்கிப் போட்ருங்க. ரோடு சரியானதும் நல்ல லேப்டாப்பா ஒண்ணு நானே எடுத்தாறேன்."

"ரோடு எப்பத் தம்பி சரியாவும்?"

"பொக்லைன் வந்துருச்சாமா. நாலஞ்சு நாள் ஆவும். ஒரு வாரம்னு வெச்சுக்கங்க."

"ஒரு வாரம் இவரு இப்பிடியே படுத்திருந்தா?"

தனபால் கட்டிலைப் பார்த்தான். அண்ணனின் முதுகுதான் தெரிந்தது. "கண்ணு செவந்து கெடக்குதுங்க அண்ணி உங்களுக்கு. கொஞ்சம் தூங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனான்.

மறுநாளும் சென்றாயன் எழவில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கில் இரண்டு துண்டு, அரை டம்ளர் கருங்காப்பி. "இன்னும் ஒரு வாய் வாங்கிக்கங்க மாமா" என்றால் வாயை இறுக்கிக்கொண்டான். அந்த எட்டு மாதமும் அப்படித்தான் தொடங்கியது.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் கண்ணில், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டு பட்டது. சேந்தமங்கலத்துக் கடையின் பெயரும் அதன் கீழே ஒரு போன் நம்பரும். எட்டாவது படித்தவள் அவள், எண்ணை வாசிக்க அது போதும். வீட்டில் டவர் எடுக்காது, நெட் வழியாகப் பேசுவதும் கேபிள் அறுந்ததால் நின்றுபோயிருந்தது. மேட்டுக்காட்டில் பலாமரத்தடிக்குப் போனால் சிக்னல் கிடைக்கும். சாக்கை மடித்த கொங்காடையைத் தலையில் போட்டுக்கொண்டு வழுக்கல் பாதையில் ஏறினாள்.

போனை எடுத்தது ஒரு பெண்குரல்.

"கம்ப்யூட்டர் சர்வீஸ், அருள்மொழி பேசறேன், சொல்லுங்க."

"அம்மிணி, நான் கொல்லிமலையில இருந்து பேசறேனுங்க. உங்க கடையில எங்க புள்ள ஒரு பெட்டி வாங்குச்சு. அது கத்துதுங்க."

"எப்படிக் கத்துதுங்க அக்கா?"

வளர்மதி சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "கூ..." என்றாள். மூச்சு விட்டுவிட்டு மறுபடியும் "கூ..." என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "நீட்டமா, விட்டு விட்டு. ஸ்க்ரீன்ல எதுவும் வரல. சரிங்களா? அது ரேமுங்க அக்கா. உள்ளாற நீட்டமா ரெண்டு தகடு இருக்கும், வேல செய்யறப்ப ஞாபகம் வெச்சுக்கறது அதுதான். அது கெடைக்கலீன்னு கத்துது. எத்தன நாள் போடாம வெச்சிருந்தீங்க?"

"அஞ்சு நாளுங்க. கரண்ட் இல்ல."

"அதேதான். தெனமும் ஓடுனா அதோட சூட்டுலயே காஞ்சுக்கும். அஞ்சு நாள் மழையில சும்மா கெடந்தா ஈரம் புடிச்சுக்கும். பொட்டி எங்க இருக்குது, தரையிலயா?"

"ஆமாங்க."

"அத மொதல்ல தரைய உட்டு மேல தூக்கி வைங்க. இங்க கொண்டார முடியுங்களா?"

"ரோடு இல்லீங்க அம்மிணி."

"ஊட்டுல ஆம்பளைங்க யாராச்சும் ஸ்க்ரூ கழட்டுவாங்களா?"

"அவருக்குக் கை வராதுங்க. நான் கழட்டறேன். சொல்லுங்க."

அருள்மொழி நிதானமாகச் சொன்னாள். எல்லா வயரையும் உருவிவிட வேண்டும். உருவிய பிறகு சுவிட்சை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்தால் உள்ளே தங்கிய கரண்ட் வடிந்துவிடும். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் பக்கத்துத் தகரம் நழுவி வரும். உள்ளே கை வைக்கும் முன், உடம்பில் தங்கிய கரண்ட் இறங்க, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட வேண்டும். ரேமின் இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும், வெளிப்பக்கம் தள்ளினால் தகடு மேலே எழும்பும். அதன் அடியில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும்.

"அத எதுல கழுவறதுங்க?"

"ஐயோ, தண்ணி காட்டாதீங்க அக்கா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பென்சில் அழிக்கற ரப்பர் இருக்குதுங்களா? அதால மெல்லத் தேய்ங்க. கருப்புப் போய்ப் பளபளன்னு வரோணும். தூசிய வாயால ஊதாதீங்க, எச்சி பட்ரும்."

கீழே இறங்கி வந்து மகளின் பழைய டப்பாவைக் குடைந்து பாதி ரப்பர் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பெட்டியைப் பலகைமேல் படுக்கவைத்துத் தகரத்தை இழுத்தாள். உள்ளே அவள் நினைத்ததுபோல அதிசயமாக எதுவும் இல்லை. பச்சைத் தட்டு, வயர்கள், மின்விசிறி. மின்விசிறியின் காலில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஒரு மூலையில் பல்லி முட்டையிட்ட வெள்ளை ஓடு இரண்டு. எல்லாவற்றின் மேலும் கம்பளிபோலத் தூசி.

"அட நாறப் பொழப்பே, இதுக்குள்ளயும் குடும்பம் நடத்தறாங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சுவருக்கு வெள்ளையடிக்க வாங்கி எடுக்காமலிருந்த பிரஷ் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு, மிளகில் காம்பும் சருகும் நீக்குகிற பொறுமையோடு தூசியை வெளியே தள்ளினாள். மண்கூட்டை நகத்தால் பெயர்த்தாள். கொக்கியைத் தள்ளியதும் ரேம் எழும்பி வந்தபோது உடைத்துவிட்டோமோ என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடையவில்லை. ரப்பரால் தேய்த்தாள். நாட்பட்ட வெள்ளிக் கொலுசு தேய்க்கத் தேய்க்க நிறம் மாறுவதுபோல ஒவ்வொரு பல்லாகப் பொன்னிறம் வந்தது. இரண்டையும் தேய்த்து முடித்து, பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"திருப்பிப் புடி."

வளர்மதி நிமிர்ந்தாள். சென்றாயன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எப்போது திரும்பினான் என்று தெரியவில்லை.

"தகட்டுல நடுவுல ஒரு வெட்டு இருக்குது பாரு. அது நட்டநடுவுல இல்ல, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். கீழ பள்ளத்துலயும் அதே மாதிரி ஒரு தடுப்பு இருக்குது. ரெண்டும் சேரோணும். இப்பிடி அழுத்துனா முறிஞ்சுரும்."

இரண்டு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பக்கமும் கொக்கி 'டிக்' என்று பூட்டிக்கொண்டது.

வயரைச் சொருகிச் சுவிட்சைப் போட்டாள்.

கூ...

சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டான். "உட்ரு புள்ள. போனது போச்சு."

அவள் விடவில்லை. மறுபடி கொங்காடை, மறுபடி மேடு. மழை இந்தத் தடவை முகத்தில் அறைந்தது. பாதி வழியில் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். பலாமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டீங்களா? இப்ப ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றாள் அருள்மொழி. "மொதப் பள்ளத்துல ஒண்ணு. கத்துனா அதக் கழட்டிட்டு இன்னொண்ணு. அதுவும் கத்துனா ரெண்டாவது பள்ளம். ஒவ்வொரு தடவையும் வயரை உருவிட்டுத்தான் தொடோணும், மறந்துராதீங்க."

"எது கெட்டுப்போயிருக்கும்னு உங்களுக்குத் தோணுதுங்க?"

"இங்க உக்காந்துட்டு நான் எதையாச்சும் சொன்னா அது பொய்யாப் போயிருமுங்க அக்கா. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். பொறுமையாப் பண்ணுங்க. சாயங்காலம் வரைக்கும் நான் கடையிலதான் இருப்பேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் குரல் வந்தது. "சேலைய மாத்து மொதல்ல. ஈரக் கையோட அதத் தொடாத."

சேலை மாற்றிக்கொண்டு வந்து, அடுப்பில் கையைக் காயவைத்துக்கொண்டு, பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வயரை உருவிவிட்டு இரண்டு ரேமையும் கழற்றினாள். ஒன்றை மடியில் வைத்து இன்னொரு தடவை ரப்பரால் தேய்த்தாள்.

"புள்ள."

"சொல்லுங்க மாமா."

"எதுக்கு இத்தனை பாடு படற? தனபால் புதுசு வாங்கித் தரேங்கறானில்ல."

தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க."

"என்ன பயம்?"

தேய்க்கிற கை நின்றது. மூன்று வருஷமாக நெஞ்சுக்குழியில் கிடந்தது, இத்தனை சுலபமாக வாய்க்கு வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"ஏணிய நெனச்சுட்டுத்தான் வாயத் தொறக்க மாட்டீங்கறீங்கன்னு. அன்னைக்கு நாந்தானுங்க புடிச்சுட்டிருந்தேன். ஆடு வந்து மொளகுச் சாக்குல வாய் வெச்சுது. ஏணிய உட்டுட்டு முடுக்கப் போயிட்டேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள நீங்க கீழ கெடந்தீங்க. புடிச்சிருந்தா உங்களுக்கு இந்தக் கெதி வந்திருக்காது. நீங்க அத ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டு, நாலு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்."

சென்றாயன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். அதற்கே அவனுக்கு நேரமாகும். அவள் உதவிக்கு எழப்போனபோது வேண்டாமென்று தலையாட்டினான்.

"ஆட்ட முடுக்கு புள்ளன்னு மேல இருந்து கத்துனதே நாந்தானே" என்றான்.

"நீங்களா?"

"மூணு தடவ கத்துனேன். நீ ஏணியப் புடிச்சுட்டுக் கீழயே நின்னே. போ புள்ள, போ புள்ளன்னு வெரட்டுனேன். உனக்கு நெனப்பில்லியா?"

அவளுக்கு நினைப்பில்லை. ஆடு நினைவிருந்தது, சாக்கு நினைவிருந்தது, அப்புறம் அவன் கிடந்த கிடை. கத்தல் ஒன்றும் நினைவில் இல்லை.

"நீ போறப்ப நான் ஏணியிலயே இல்ல. ஏணிய உட்டுக் கெளைக்கு மாறிட்டேன். எட்டாத கொத்து ஒண்ணு தொங்குச்சு, அதுக்கு ஆசப்பட்டேன். சில்வர் ஓக் கெளைய நம்பாதடா, பாக்கத்தான் கெட்டின்னு எங்கய்யன் நூறு தடவ சொல்லியிருக்காரு. கால வெச்சேன். முறிஞ்சுருச்சு. ஏணி சாயவே இல்ல புள்ள. நான் விழுந்ததுக்கப்பறமும் அது மரத்துலயேதான் நின்னுட்டிருந்துது."

வளர்மதி யோசித்துப் பார்த்தாள். ஆமாம். நான்கு நாள் கழித்துத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஏணி மரத்தில்தான் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"அப்பறம் ஏனுங்க எட்டு மாசம் எங்கூடப் பேசல?"

"என்னன்னு பேசறது? தப்புப் பண்ணது நானு. எனக்குக் குண்டி கழுவி உட்டுட்டு, மாடு கன்னு பாத்துட்டு, ராத்திரியில உக்காந்து அழுதுட்டிருந்தது நீயி. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாயத் தொறக்கட்டும்?"

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வளர்மதி பெட்டியைப் பார்த்தாள்.

"இதுகிட்ட மட்டும் நாள் முச்சூடும் பேசறீங்க."

"அது என்ற பேச்சில்லியே. எவனோ எங்கயோ பேசுனத நான் திருப்பிச் சொல்றேன். அது சுலபம்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனிக்கு வந்தது.

"ரேம்ல தண்ணி படப் போவுது" என்றான் சென்றாயன். "அக்கட்டால வெச்சுட்டு அழு."

அவள் அதைப் பத்திரமாகப் பலகைமேல் வைத்துவிட்டு, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நிறைய நேரம் இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, கையைத் துடைத்து, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டாள்.

"எது மொதல்ல?" என்றாள்.

"தேய்ச்சு வெச்சியே, அதையே போடு."

போட்டார்கள். கத்தியது. வயரை உருவி, அதைக் கழற்றி, இரண்டாவது பள்ளத்தில் போட்டார்கள். அங்கேயும் கத்தியது.

"அப்ப இந்தத் தகடுதான் செத்துப்போச்சுங்களா?"

"அவசரப்படாத. இன்னொண்ணப் போடு."

வயரை உருவி, அதை எடுத்துவிட்டு, இன்னொன்றை முதல் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். சுவிட்சைப் போட்டாள். மின்விசிறி சுற்றியது. இருவரும் காத்திருந்தார்கள். ஒரே ஒரு சின்னச் சத்தம், கோழிக்குஞ்சு கூப்பிடுவதுபோல. திரையில் வெளிச்சம் வந்தது. வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ ஓடி நின்றது.

"தேதி தப்புங்குது" என்று படித்தான் சென்றாயன். "ரெண்டாயிரத்துப் பன்னெண்டுன்னு காட்டுது. உள்ளாற காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்குதா பாரு. பெட்டிய அணைச்சிருந்தாலும் மணிய ஞாபகம் வெச்சுக்கறதுக்கு அது. தீந்துபோச்சு. இப்பிடியே உட்டா ஒவ்வொரு தடவையும் இங்கயே வந்து நின்னுக்கும். நெட் வந்தாலும் எதுவும் தொறக்காது. தேதி ஒத்து வரலீன்னா எவனும் நம்ப மாட்டான்."

வளர்மதி வயரை உருவி, பேட்டரியை நெம்பி எடுத்துப் பார்த்தாள். இந்த மலையில் இதற்கு எந்தக் கடைக்குப் போவது? அப்போதுதான் தனபால் நிலைமை பார்க்க வந்து வாசலில் குடையை உதறினான். அவன் கையில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் கார் சாவி சுற்றிக்கொண்டிருந்தது.

"தனபாலு" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது. தம்பி திடுக்கிட்டான். "சாவிய உங்கண்ணிகிட்டக் குடு. பட்டன் வேல செய்யறதுக்கு அதுக்குள்ள பேட்டரி இருக்கும்."

"அண்ணா, கார் எப்பிடி..."

"ரோடே இல்ல, கார எங்க ஓட்டப் போற? சாவியத் துளைக்குள்ள உட்டுத் திருகித் தொறந்துக்கடா."

தனபால் சிரித்துவிட்டான். சாவியை அவனே பிளந்து கொடுத்தான். பேட்டரியின் முதுகில் இருந்த எண்ணும் ஒத்துப்போனது. அதைப் போட்டுத் தேதியைத் திருத்தியதும் பெட்டி முழுசாகத் திறந்துகொண்டது.

சாயங்காலம் மூன்றாம் முறையாக மேடேறி வளர்மதி அருள்மொழியிடம் சொன்னாள். அருள்மொழி அந்தப் பக்கம் கைதட்டினாள்.

"புதுப் பெட்டியெல்லாம் வேண்டாமுங்க அக்கா. கெட்ட ரேமுக்குப் பதில் பெருசா ஒண்ணு போட்டு, பழைய டிஸ்க எடுத்துட்டு வேகமா ஓடற எஸ்எஸ்டி டிஸ்கா மாத்திட்டா, இன்னும் நாலு வருசம் குதிரையாட்டம் ஓடும். ரோடு தொறந்ததும் பஸ்ஸுல குடுத்தனுப்பறேன். மாட்டறதுதான் உங்களுக்குத் தெரியுமே. மழைக்காலத்துல வேல இல்லீன்னாலும் தெனம் ஒரு மணி நேரம் போட்டு உடுங்க. வோல்டேஜ் ஏறி எறங்குச்சுன்னா உருவி உட்ருங்க."

கேபிளை மறுநாளும் யாரும் கட்டவில்லை. நெட் இல்லாமல் பெட்டி பேச்சை எழுதாது. ஆனால் மழைக்கு முன்பே இறக்கி வைத்த ஒரு கூட்டப் பேச்சு உள்ளே இருந்தது. காலைச் சோறு முடிந்ததும் சென்றாயன் வாக்கரைப் பிடித்து நாற்காலிக்கு வந்தான். பெட்டி இப்போது மேசைமேல், அவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. வேலையில்லாமல் நின்ற வளர்மதியைப் பார்த்தான்.

"ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. நான் சொல்றேன், நீ அடி."

"எனக்கு என்ன தெரியும் மாமா? எட்டாவதோட நின்னவ."

"தமிழெழுத்துத்தான் கீபோர்டுக் கட்டைமேல ஒட்டியிருக்குதே. தேடி அடி. எனக்கென்ன அவசரம்?"

உட்கார்ந்தாள். புடைத்தும் களையெடுத்தும் தடித்த ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு எழுத்துகளின் மேல் குனிந்தாள். சென்றாயன் காதில் ஒயரை மாட்டச் சொல்லி, கொஞ்சம் கேட்டான்.

"வணக்கம்" என்றான்.

'வ' கிடைத்தது. 'ண' எங்கேயோ ஒளிந்திருந்தது. ஒவ்வொன்றையும் அமுக்கிவிட்டுத் திரையை ஏறிட்டுப் பார்த்தாள், வந்துவிட்டதா என்று. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரம் ஆனது ஒரு சொல்லுக்கு. அவன் அவசரப்படுத்தவில்லை.

"ஆச்சுங்க" என்றாள் கடைசியில்.

திரையில் வணககம என்று இருந்தது. சென்றாயன் தலையைச் சாய்த்துப் படித்தான். விழுந்த நாளுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அவள் அன்றுதான் கேட்டாள்.

"புள்ளி வெக்கலியே புள்ள."

"எங்கீங்க?"

"ரெண்டு எடத்துல" என்றான். அவள் விரல் புள்ளியைத் தேடிப் புறப்பட்டது.